எட்டுக் கன்று வித்தியாசம்

அத்தை: எட்டு கன்னு கம்மியாயிருக்குல்ல? அப்புறம் என்ன பேச்சு? ஒட்டுக் கத்தியை நீயே வெச்சுக்கோ.

மருமகள்: அட, இருங்க அத்தை! நீங்க கட்டின நூறு ரோஜா ஒட்டுல எழுபத்துநாலு துளிர்த்திருக்கு. நான் கட்டின நூறுல எண்பத்திரண்டு. அவ்வளவுதானே?

அத்தை: அவ்வளவேதான். உன் புருஷன்தான் சொன்னானே, "அம்மா கை நடுங்குது, நர்சரி வாசல்ல விற்பனை மேசையில உக்கார வெச்சிடுவோம்"னு...

மருமகள்: அவர் சொன்னா ஆச்சா? கணக்கு சொல்லணும். இந்த டப்பாவைப் பாருங்க.

அத்தை: பாசிமணியா? மாலை கோக்கப் போறியா?

மருமகள்: கிண்டல் அப்புறம். நம்ம ரெண்டு பேரோடதும் சேர்த்து, பச்சை மணி நூத்தைம்பத்தாறு, துளிர்த்தது. சிவப்பு நாப்பத்துநாலு, பட்டுப்போனது. இப்ப நம்ம ரெண்டு பேர் கைக்கும் வித்தியாசமே இல்லைன்னு வெச்சுக்குவோம்...

அத்தை: சும்மா ஒரு பேச்சுக்கு?

மருமகள்: பேச்சுக்குத்தான். அப்ப எந்தக் கன்னு யார் பங்குல பட்டுப்போச்சுங்கிறது வெறும் குலுக்கல். நல்லாக் குலுக்கி, பாக்காம நூறு எடுத்து உங்க பக்கம், மிச்சம் என் பக்கம். பச்சையை எண்ணணும். மறுபடியும் கொட்டிக் குலுக்கணும்...

அத்தை: உனக்கு வேற வேலையே இல்லையா?

மருமகள்: ஒரு வாரமா இதே வேலைதான்! நாலஞ்சு தடவைக்கு ஒரு தடவை, உங்க பக்கமோ என் பக்கமோ, எட்டோ அதுக்கு மேலயோ கூடிடுது. வெறும் குலுக்கல்லயே! குலுக்கல்ல இருபது தடவைக்கு ஒரு தடவைதான் வரும்ங்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசமா இருந்தாத்தான் நம்பணும்னு, கன்னை எண்ணுறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேசி வெச்சிருந்தேன்.

அத்தை: அப்போ... ரெண்டு கையும் ஒண்ணுன்னு ஆயிடுச்சா?

மருமகள்: அப்படியும் இல்ல. வேறன்னு சொல்ல சாட்சி பத்தல. சாட்சி பத்தாம ஒட்டுக் கட்டற இடத்துலருந்து உங்களை எப்படி எழுப்பி விடறது? அவரும் ஒத்துக்கிட்டார். நாளையிலருந்து அதே முக்காலி, அதே கத்தி!

அத்தை: மறுபடியும் அந்த முக்காலியா!

மருமகள்: என்ன அத்தை, சந்தோஷமா இல்லையா?

அத்தை: போடி இவளே! குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடியுது. வாசல்ல உக்காந்து வர்றவங்க போறவங்ககிட்ட நாலு வார்த்தை பேசலாம்னு பாத்தா... கை நடுக்கமெல்லாம் நடிப்புடி! ஒட்டுக் கட்டறப்பவும் முடிச்சை வேணும்னேதான் தளர விட்டேன்.

மருமகள்: ஐயையோ... அப்ப கணக்கே போச்சே! நீங்க தோத்துடக் கூடாதுன்னு நானும் அதையேதான் பண்ணேன் அத்தை!