விசிறி ஓடாத தொட்டி

ஊசி என்றால் எனக்குப் பயம் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தப் பஞ்சுக் குச்சிதான் பயம்.

இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க எங்கள் பட்டறையில் ஒரு தொட்டி உண்டு. அதிலிருக்கும் கரைப்பானை மருந்து என்போம். அண்ணனும் நானும் அந்தத் தொட்டியடியில்தான் நரைத்தோம். அண்ணனுக்கு ரத்தத்தில் புற்று வந்தது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் கம்பெனி டாக்டரம்மா வந்தார். தொட்டியிலிருந்து எழும் மருந்துப் புகை எல்லாருக்கும் ஒன்றுதான், அது உள்ளே செய்யும் சேதத்தைச் சில உடம்பு தானே சரிசெய்துகொள்ளும், சில உடம்புக்குப் பிறவியிலேயே அந்தச் சக்தி குறைவு, அது குடும்பவழியாக வரும் என்றார். கன்னத்துக்குள் குச்சியைத் தேய்த்துச் சோதித்தால் தெரிந்துவிடுமாம். அந்தக் குச்சிக்கு நான் வாயைத் திறந்து காட்டவில்லை. கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவரை எப்படி நம்புவது?

ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் அண்ணன் முகம் தெரிந்தது.

நானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பொட்டலம் கட்டும் பக்கம் நான் மாறிக்கொண்டு, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மூத்த மகனைத் தொட்டியடி வேலையில் நிறுத்தினேன். என் ரத்தம்தானே. அவன் தாங்கினால் நானும் தாங்குவேன். "மேஸ்திரி மகன்னா புகையே ஒதுங்கிப் போகும்" என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள்.

சீக்கிரம் தெரியட்டும் என்று, புகை இழுக்கும் விசிறியின் ஒயரைக் கழற்றிவிட்டேன்.

"அப்பா, விசிறி ஓடலையே."

"பழுதுடா. ஆள் வருவான்."

அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. "பல்லு தேய்ச்சா ரத்தமா துப்புறான். அந்த வேலை வேணாங்க" என்றாள் வீட்டுக்காரி. ஓடிப்போய் என் ஈறைத்தான் முதலில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவனை வேலைக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. ஈறில் வரும் ரத்தத்தை வைத்து என்ன முடிவுக்கு வரமுடியும்?

போன வாரம் அவன் போய்விட்டான். ஒயரைக் கழற்றியது நான்தான். கொல்ல இல்லை ஐயா, தெரிந்துகொள்ளத்தான்.

அதுவும் தெரியவில்லை. பிள்ளைக்குப் பாதி அம்மா வழியில் வருமாம். டாக்டரம்மா இப்போதுதான் சொல்கிறார். மூத்தவன் அச்சு அசல் அவன் அம்மா. சின்னவன்தான் என் ஜாடை. நெற்றி, நடை எல்லாம்.

அவனைத்தான் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்.