ஒரு நரம்பு, ஒரு சுரம்

இந்த ஊர் மழையில் நரம்பு எதுவும் சுருதியில் நிற்பதில்லை, இன்ஸ்பெக்டர் சார். காலையில் சேர்த்து வைத்தால் மத்தியானத்துக்குள் தொய்ந்துவிடும். எரிச்சலாக வரும். அதற்காக யார் மேலாவது கோபப்பட முடியுமா? மழை என்ன செய்யும், பாவம்.

வேலாயுதன் ஆசாரியை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து நடந்தே வந்தேன். என் யாழுக்காக அவர் வளைத்த மரம் வெடித்துத்தான் என் தங்கை சூடாமணியின் கை போயிற்று என்று தெருவெல்லாம் பேசுகிறார்கள். மரம் வெடிக்கவே இல்லை. என் யாழுக்கு இப்படியொரு கெட்ட பெயர் வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நீங்கள் யாழைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது வழக்கொழிந்து பல நூறு வருஷமாகிறது. கீழே தோல் போர்த்த பலாமரக் குடம், அதிலிருந்து வில்லாக வளைந்து எழும் கோடு, இரண்டுக்கும் நடுவே நரம்புகள். வீணையில் ஒரே தந்தியை மெட்டுக்கு மெட்டு அழுத்தி எல்லாச் சுரமும் வாங்கலாம். யாழில் மெட்டே கிடையாது. ஒரு நரம்பு, ஒரு சுரம். பழைய செய்யுள்களைத் துருவித் துருவிப் படித்து அதைத் திரும்பச் செய்தேன். செகரட்டேரியட் வேலை போக மிச்ச ஆயுசெல்லாம் அதற்கே போயிற்று. கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை.

வாசிக்கச் சூடாமணியை விட்டால் ஆளில்லை. புருஷன் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். தெருப் பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுப்பாள். வீணைதான் அவளுக்கு உயிர். அங்கேதான் வந்தது வினை. வலது கையால் யாழ் நரம்பை மீட்டுவாள். உடனே இடது கை போய் அதை அழுத்தி இழுக்கும். சுரம் அசையும், வழுக்கும், குழையும். வீணையாகிவிடும். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"சூடா, இழுக்காதேடி. அப்படியே விடு."

"நான் என்ன பண்ணட்டும் அண்ணா? கை தானாப் போறது. சுரம் மொட்டையா நிக்கறது, கேக்கவே சங்கடமா இருக்கு."

நான் ஆயுசு முழுக்கத் தேடிய சத்தத்தை மொட்டை என்றாள்.

இடது கையை இடுப்போடு துண்டால் கட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டாள். தமிழ்ச் சங்கத்து விழாவில் அரங்கேற்ற நாள் குறித்தாயிற்று. ஊரே வந்து கேட்டுவிட்டு, இது வீணைதானே என்று எழுந்து போகும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இரண்டாவது யாழின் கோட்டுக்காக ஆசாரி சுவரோரம் ஒரு கழியை நட்டு, ஆவி காட்டி, நுனியை முன்னால் இழுத்து முளையில் கட்டியிருந்தார். "ஞான் கெட்டின கெட்டு அழியாது சாமீ" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். உண்மைதான், கட்டு அவிழவில்லை. சூடாமணியைக் கூப்பிட்டு, கழிக்குப் பின்னால் ஒரு கட்டையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். வலது கையை நீட்டினாள். "இடது" என்றேன். மாற்றிக்கொண்டாள். நான் உளியால் கயிற்றை அறுத்தேன். கழி நிமிர்ந்து, அவள் கையோடு சேர்த்துச் சுவரில் அடித்தது. வலது கைக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதில் கவனமாக இருந்தேன். கயிறு தானாக அறுந்தது என்றுதான் அவள் இன்னும் நம்புகிறாள்.

அந்த விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் வருத்தம்தான், கூடப் பிறந்தவள் இல்லையா. இருந்தாலும், இனி நிம்மதி என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையோடு வீடு வந்தவளின் முன்னால் யாழைக் கொண்டுபோய் வைத்தேன். அவளும் மறுக்கவில்லை. வலது கையால் ஒரு நரம்பை மீட்டினாள். சுத்தமான சுரம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுகணம் அவள் குனிந்து மோவாயால் நரம்பை அழுத்தினாள். சுரம் குழைந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது சார். கையில் ஒன்றுமே இல்லை, அவள் காதுதான் அப்படிக் கேட்கிறது. இது முதலிலேயே புரிந்திருந்தால் அவள் கையை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.