ஐவன் மேல் தேய்த்த துண்டு

இரண்டு நாய்களும் இப்போது ஒரே கிண்ணத்தில்தான் தண்ணீர் குடிக்கின்றன, அனுஷா. வேறு வேறு ஜாதி நாய்களை ஒரே வீட்டில் வைத்தால் ஒத்துப்போகுமா என்று அன்றைக்கு நீதான் அதிகம் கவலைப்பட்டாய். ஒன்று பூடில், மடியை விட்டு இறங்காது. இன்னொன்று ஐவன், ஹஸ்கி, மதிலைப் பார்த்தாலே தாண்டத் தோன்றும். ஒரு சண்டைகூட வரவில்லை. நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன், நன்றாகவே பலித்தது.

நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். பைக்குள்ளிருந்து கயிறு எட்டிப் பார்க்கிறது. என் தம்பி க்ளென் உனக்குப் போன் செய்திருப்பான். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து காலைக்கூடக் கழுவாமல் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னான். "பெரியக்காவ அந்த நாய்தான் கொன்னுச்சு. அந்த பொண்ணு வந்து தூக்கினு போகட்டும். இல்லன்னா நானே டாக்டர்கிட்ட இட்டுனு போய் ஊசி போட்டுருவேன், ஆமா." அவன் செய்யக்கூடியவன்தான். அழும்போது அவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆனால் ஐவன்மேல் அநியாயமாகப் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் ஒரு நாள்கூட வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. நீயும் அவனைக் கூட்டிப் போனால், ஒரு சாவுக்குக் காரணமான நாய் என்ற பெயரோடு போவான். அப்புறம் அவனை யார் எடுப்பார்கள்? அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் உனக்கு அறிவியல் எடுத்தவள் நான். குறுக்கே பேசாமல் கேட்கிற பெண் நீ, அது எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா பியாட்ரிஸ் என்னைவிட மூன்று வயது மூத்தவள். இந்த வீட்டில் அவளுடைய ஆஸ்துமா மூச்சுதான் எஜமானி. ஊதுபத்தி கூடாது, திரைச்சீலை கூடாது, மிளகாய் வறுக்கக் கூடாது, இலவம் பஞ்சு கூடாது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்ப மாட்டோம், மஞ்சள் காகிதத்தை வெட்டிப் போடுவோம். மர்பி டவுனில் எங்கள் வீட்டுக் குடிலைப் பார்க்க வருகிற பிள்ளைகள் குழந்தை இயேசு பரோட்டாக் கடை பார்சலில் படுத்திருக்கிறார் என்று சிரிப்பார்கள். அவள் தூசி தட்டக் கூடாது என்பதால் படுக்கை தட்டுவது, சனிக்கிழமை தோறும் தலையணை உறை மாற்றுவது எல்லாம் அம்மா போன பிறகு என் வேலை. பூடில் வாங்கியதுகூட அதற்கு முடி உதிராது என்று டாக்டர் அரை மனதாகத் தலையாட்டிய பிறகுதான். டிங்கி அவளுடைய நாய். அவள் கட்டிலில்தான் படுக்கும். அப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் வரும், வந்து நின்றுவிட்டு அவளிடம் போய்விடும்.

எனக்கு ஒரு காலத்தில் நோயல் என்று ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். இங்கே பெங்களூரிலேயே, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், பேசும்போது தரையைப் பார்த்தே பேசுவார். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலையில் ஃபாதர் என் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் முன் பெஞ்சில் அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. கோவில் முழுக்க எழுந்து நின்றது. நானும் நோயலும்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல்யாணம் தள்ளிப்போயிற்று. அவருடைய அம்மா அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவருக்கு நீலசந்திராவில் பெண் கிடைத்தது.

அப்புறம் ஏற்காடு பள்ளிக்குத் தலைமையாசிரியையாகக் கூப்பிட்டார்கள். பெட்டி கட்டிய அன்றைக்கு இழுப்பு. டீச்சர்களோடு வேளாங்கண்ணி போக டிக்கெட் எடுத்தேன். இழுப்பு. எனக்கு ஏதாவது நல்லது நடக்கப் போகிறதென்றால் முதலில் அவள் நெஞ்சில்தான் விசில் ஊதும். க்ளென் அவள் எதிரிலேயே கிண்டல் செய்வான், "பெரியக்காவுக்கு ஆக்டிங் நல்லா வருது" என்று. அவளும் மூச்சு மருந்துப் பம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பாள். நான் சிரித்ததில்லை. அவன் சொன்னது சரியாக இருந்துவிடக் கூடாதே என்று நான் பயந்தேன், அல்லது சரியாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இரண்டில் எது என்று அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடும் உங்கள் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஐவனுடைய படத்தைப் பார்த்தேன். யாரோ ஐ.டி. தம்பதிகள் ஆசையாக வாங்கி, வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன நாய். ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. எனக்கு என்று ஒரு ஜீவன் வேண்டும் என்று தோன்றியது. அக்காவிடம் சொன்னபோது இழுப்பு வரும் என்று காத்துக்கொண்டே சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஹஸ்கியா? அது முடி கொட்டுமேடீ. பரவால்ல, பின்னாடி முத்தத்துல இருக்கட்டும். நான் அந்தப் பக்கம் வர்ல. நீ ஆசப்பட்டு எதுவும் கேட்டதே இல்ல, கேரல்."

கேட்டதே இல்லையாம். நான் கேட்டவை எல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தன. வீட்டைப் பார்க்க வந்த உன்னிடமும் அவளே நேராகச் சொன்னாள், நினைவிருக்கும்: தனக்கு இழுப்பு உண்டு, நாய் உள்ளே வராது, தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்று. உன் முகம் மலர்ந்தது. இவ்வளவு ஒளிவுமறைவில்லாத குடும்பம் என்று நினைத்திருப்பாய்.

அன்றைக்குத்தான் நீ அந்தத் துண்டு விஷயத்தைச் சொன்னாய். "மிஸ், ஒரு பழைய டவல ஐவன் மேல நல்லா தேச்சு, பூடில் சாப்புடற இடத்துல போட்டு வைங்க. வாசன பழகிடும். அப்புறம் நேர்ல பாத்தா சண்ட போடாது." நான் பழைய துண்டு ஒன்றை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியை டிங்கியின் தட்டுக்குக் கீழே விரித்தேன். டிங்கி முதலில் உறுமியது, அப்புறம் முகர்ந்தது, அப்புறம் அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டது. நீ சொன்னது எவ்வளவு சரி.

ஐவன் வந்தான். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, ஒரு தும்மல்கூட இல்லை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏன்டா ராஜா, வெயிலு தாங்கலையாடா?" என்று அவனோடு பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆர்கன் வாசித்துவிட்டு வந்து எனக்கு முன்னால் அவனுக்குத்தான் குட் மார்னிங். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு முடி பட்டால் செத்துப்போவேன் என்று சொல்லி என் வாழ்நாளைச் சுருட்டி வைத்துக்கொண்டவள், முற்றம் முழுக்க வெள்ளை முடி பறக்கும்போது கல் மாதிரி இருக்கிறாள். அப்படியானால் அன்றைக்கு முன் பெஞ்சில் நடந்தது என்ன? பெட்டி கட்டிய அன்றைக்கு நடந்தது என்ன?

எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு சோதனையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சோதிக்கப்படுகிற ஆளுக்கு அது தெரியவும் கூடாது. தெரியாமலே இழுப்பு வந்தால் நோய் நிஜம். வராவிட்டால் நடிப்பு. இதில் தப்பு ஏதும் இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை. மிச்சமிருந்த பாதித் துண்டை ஐவன் மேல் தேய்த்தேன். கோடை ஆரம்பம், கை நிறைய முடி வந்தது. சனிக்கிழமை அக்காவின் தலையணை உறையை மாற்றும்போது, உள்ளுறைக்கும் மேலுறைக்கும் நடுவில் அதை மடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் காபி டம்ளரை வாங்கும்போது அவளுடைய நெஞ்சு சத்தம் போட்டது. "வெதர் மாறுதுடீ" என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது நடிப்பில்லை. ஒரு நாளும் நடிப்பாக இருந்ததில்லை. சோதனை அத்தோடு முடிந்தது.

டிங்கி இப்போது ஏன் என்னிடம் வருவதில்லை என்று வாசலிலேயே கேட்டாய். டிங்கி கண்டுபிடித்துவிட்டது, அதனால்தான். நீ பழக்கச் சொன்ன வாசனைதானே, அதற்கு நன்றாகப் பழகியிருந்தது. அக்காவின் கட்டிலில் ஏறித் தலையணையைப் பிராண்டும், பல்லால் இழுக்கும். "இந்த நாய்க்கு என்னா கிறுக்கு புடிச்சிச்சு, என் தலகாணி மேலயே கண்ணா இருக்குது" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். நான் டிங்கியை வராந்தாவில் கட்டிப்போட்டேன். அது கதவைப் பார்த்து ஊளையிட்டது. பக்கத்து வீட்டு ஸ்வர்ணா, இரண்டாவது நாய் வந்ததில் பொறாமை என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரு நாள் நானே கேட்டேன், "ஐவன திருப்பிக் குடுத்துடட்டுமா அக்கா?" என்று. நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"அது என்னா பண்ணுச்சு பாவம்? உள்ளயே வர்றதில்ல. சும்மனே அது மேல பழி போடாத. ரோடு பூரா தோண்டி வெச்சிருக்கான், தூசி வராம என்னா பண்ணும்?" அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நடுவில் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஊர்க் காற்று, கட்டடத் தூசி, மரம் பூக்கிற காலம். மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் சுத்தமாகவே வைத்திருந்தேன். உறைகளை வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டு மாற்றினேன். சோதனை முடிந்தபின் துணியை எடுத்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எடுத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்தேன். எடுத்துத் துவைத்து, ஐவனைச் சீவும்போது மறுபடி அவன்மேல் தேய்த்து, மறுபடி வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறாய், கண்ணாலேயே கேட்கிறாய். அவள் நடித்தாள் என்றால் என் வாழ்க்கையைக் கெடுத்தது அவள். கோபப்பட எனக்கு ஓர் ஆள் இருந்தது. அவள் நடிக்கவில்லை என்றால் யார்? நோயலின் அம்மாவா, ஏற்காட்டுக்குத் தனியாகப் போயிருக்கக்கூடிய நானா? இத்தனை வருடம் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஒவ்வொரு முறை மூச்சுக்குத் தவிக்கும்போதும், இது நிஜமாக இருந்ததற்காகவே அவளை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே முதுகைத் தடவினேன், வெந்நீர் வைத்தேன், பம்பை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். புது உறை. எழுந்தபோது உதடு நீலமாக இருந்தது, பம்ப் அடித்தும் மூச்சு திரும்பவில்லை. ஆட்டோவில் அல்சூர் சிக்னலில் நின்றோம். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள், ஒன்றுமில்லை என்பதுபோல. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள். எவ்வளவு முன்னால் என்று எனக்குத்தான் தெரியும்.

அழாதே. கயிற்றை உள்ளே வைத்துக்கொள். ஐவன் ஒன்றும் செய்யவில்லை. அவன் உடம்பில் முடி உதிரும், அவ்வளவுதான். என் அக்காவைக் கொன்றது நான். யாரிடம் வேண்டுமானாலும் சொல், துண்டு அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். க்ளெனிடமும் சொல். இனிமேல் அவன்கூட பியாட்ரிஸை நடிப்புக்காரி என்று சொல்ல முடியாது. நாற்பது வருடமாக யாரும் முழுசாக நம்பாத அவளுடைய நோயை, அவளுக்காக நிரூபித்துக் கொடுத்தது நான் ஒருத்திதான்.