நீலக் கோடும் மஞ்சள் கோடும்

– இன்னொரு கரண்டி தண்ணி ஊத்து, வேய்க்கோ. கல்லுலேர்ந்து ஆவியே வர மாட்டேங்குது.

– போதும் ஓஸ்மோ மச்சான், காது வேகுது.

– சவுனாவுக்குள்ள ஆவிக் குளியலுக்கு வந்துட்டு காது வேகுதுங்குறான் பாரு! ஆலையோட ஏற்றுமதி ஆபீஸ்ல நாற்காலியத் தேய்ச்சவன்தான நீ. நான் மிஷின்கிட்ட நின்னு வெந்தவன், கேட்டுக்கோ.

– நோட்டீஸப் பாத்தீங்களா?

– கேட்லதான ஒட்டியிருக்கான். உலகத்துக்குக் காகிதம் விக்கிறதுல பின்லாந்தோட பங்கு இறங்கிருச்சாம், ஸ்வீடனோட பங்கு ஏறிருச்சாம். அதனால ஆலைய மூடுறானாம். நானூறு குடும்பம், மாப்ள. ரெண்டே வரியில முடிச்சுட்டான்.

– ம்.

– காபி ரூம் சுவத்துல வருஷா வருஷம் ஜனவரியில அந்தப் பங்குக் கணக்கப் படமா வரைஞ்சவன் நான். நமக்கு நீலக் கோடு, ஸ்வீடன்காரனுக்கு மஞ்சக் கோடு. ஒரு ஜனவரியாவது மஞ்சக் கோடு மேல போயிருக்கா?

– போனதில்ல. வேலைநிறுத்தத்துக்கு முன்னாடி வரைக்கும்.

– குத்திக்காட்டுறியா? சங்கத் தலைவன்டா நான். பதினாறு வாரம் பனியில நின்னேன்.

– குத்தல மச்சான்.

– நம்மளக் கவுத்தது எல்லை ஆத்துக்கு அந்தப் பக்கம், ஸ்வீடன்ல இருக்கானே, ரூனே, அவன்தான். அவங்க ஆலைச் சங்கத் தலைவன். இருபது வருஷமா இதே பலகையில உக்காந்து என் பீரக் குடிச்சவன். 'உங்க வேலைய நாங்க தொடமாட்டோம்'னு கையப் புடிச்சுச் சொன்னான். சொல்லிட்டு நம்ம ஆர்டர எல்லாம் அவன் மிஷின்ல ஓட்டிட்டான். அவன் காகிதம் ஒரு காகிதமா? இந்தப் பக்கம் அச்சடிச்சா மை அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும்! நாளைக்குச் சங்கக் கூட்டத்துல அவன் பேரச் சொல்லி நாறடிக்கப் போறேன்.

– வேண்டாம் மச்சான்.

– ஏன், ஸ்வீடன்காரனுக்கு வக்காலத்தா?

– அவங்க ஆர்டரத் திருடல. நான்தான் அனுப்பி வெச்சேன்.

– என்ன உளர்ற?

– ஸ்ட்ரைக் நடக்கையில ஜெர்மனியிலேர்ந்து ஹாம்பர்க் அச்சகத்துக்காரர் போன்ல அழாத குறை. பள்ளிக்கூடப் புத்தகம், தேதி நெருங்கிருச்சு. அந்தத் தேதிக்குக் காகிதம் தர்றேன்னு வாக்குக் குடுத்தது நான். சொன்ன சொல்லக் காப்பாத்தாம அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆபீஸ் நம்பரக் குடுத்தேன். அப்புறம் கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். ஸ்ட்ரைக் முடிஞ்சா திரும்பி வந்துருவாங்கன்னு நெனச்சேன். ஒருத்தர்கூட வரல.

– அட பாவி.

– அடிக்கணும்னா அடிங்க.

– சவுனாவுக்குள்ள கை ஓங்கக் கூடாது. உங்க அப்பா சொல்லிக் குடுத்தது.

– அப்ப நாளைக்கு என் பேரச் சொல்லுங்க. நானே எந்திரிச்சு ஒத்துக்கிறேன். பாவம், அந்த மனுஷன விட்டுருங்க.

– உக்காரு.

– நெஜமாத்தான் சொல்றேன். ஆறு மாசமாத் தூக்கமில்ல எனக்கு. நானூறு குடும்பத்த நானே...

– உக்காருன்னு சொல்றேன்ல! ஸ்ட்ரைக்கோட மூணாவது வாரம் ரூனே எனக்குப் போன் போட்டான்.

– எதுக்கு?

– 'உங்க ஆர்டர் எங்ககிட்ட வருது ஓஸ்மோ. நீ ஒரு வார்த்த சொல்லு, எங்க ஆளுங்க மிஷின நிறுத்திருவாங்க'ன்னான்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– 'ஓட்டுங்கடா, உங்க காகிதத்தத் தொட்டுப் பாத்தாதான் எங்க அருமை வாங்குறவனுங்களுக்குத் தெரியும்'னேன்.