அவளுக்கு இப்படி இல்லையாம்

– கண்ண மூடிக்க. ஆடாத. நூல் தோல்ல பட்டா எரியும்.

– கதவச் சாத்துங்கக்கா.

– புருவம் எடுக்க இன்னாத்துக்கும்மா கதவச் சாத்தணும்?

– ஆக்சுவலா... நான் புருவம் எடுக்க வரல.

– தெரியும். நோயலோட ரெண்டாவது பொண்டாட்டி லவினான்னு ஆண்டர்சன்பேட்டை பூரா தெரியும், எனக்குத் தெரியாதா? மொத பொண்டாட்டியோட பார்லரத் தேடிக்கினு வந்திருக்க. இன்னா சமாச்சாரம்? அடிச்சாரா?

– இல்லக்கா. உங்களப் பத்திப் பேசறாரு.

– விவாகரத்தாகி நாலு வருசம் ஆச்சு. இன்னும் இன்னா பேச்சு?

– எப்டிக் கேக்கறதுன்னே தெரியல. பெங்களூர் டிரெயின்ல போறப்பவும் வர்றப்பவும் தினம் மனசுக்குள்ள கேட்டுப் பாத்துட்டேன். உங்களுக்கு... கீழ எப்டி இருக்கும்?

– இன்னா?

– கோவிச்சுக்காதீங்க. எனக்கு உள் உதடு வெளிய தெரியும். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. கலரும் கருப்பு. கல்யாணமான மூணாம் நாளே சொன்னாரு, "ஜாய்க்கு இப்டி இல்ல, அவளுக்கு உள்ளடங்கி நீட்டா இருக்கும்"னு. அன்னிலேர்ந்து லைட்ட அணைக்காம என்னால அவர்கிட்ட போக முடியல. உங்க கூட ஒரு நாளும் பேசினதில்ல. ஆனா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாலும் உங்க ஞாபகம்தான், வயிறெரியுது. உங்கள எனக்குப் பிடிக்கவேயில்லக்கா.

– பிடிக்க வேணாம். தண்ணி குடி. கேளு, நான் இங்க புருவம் மட்டுமா எடுக்கறேன்? பெங்களூர்ல வேல பாக்கற பொண்ணுங்க கல்யாணத்துக்கு முன்னாடி கீழயும் வேக்ஸிங் பண்ணச் சொல்லுதுங்க. எட்டு வருசமா பாத்துக்கினு கீறேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு கெடையாது. ஒருத்திக்கு உள்ளயே அடங்கியிருக்கும், ஒருத்திக்கு நல்லா நீண்டு வெளிய வந்திருக்கும். ஒருத்திக்கு ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பா, ஒருத்திக்கு வழவழன்னு. ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசா? அது எத்தினியோ பேருக்கு அப்டித்தான். செவத்த பொண்ணுக்கும் அங்க கருத்திருக்கும். மேல இருக்கற மொட்டுகூட ஒருத்திக்கு மூடிக்கினு இருக்கும், ஒருத்திக்கு எட்டிப் பாக்கும். அத்தனையும் நல்ல ஒடம்புதான்.

– அதெல்லாம் நெட்ல நானும் படிச்சேன். மத்தவங்க எப்டி இருந்தா எனக்கென்ன? உங்களது எப்டி? அத மட்டும் சொல்லுங்க.

– தெரிஞ்சுக்கினு இன்னா பண்ணப் போற?

– வியாழக்கெழம பெங்களூர்ல ஆபரேஷன். வெளிய வர்றத வெட்டிச் சின்னதாக்கிடுவாங்களாம். லீவும் போட்டாச்சு. "வலி இருக்கா, துணி உராயுதா"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஒண்ணுமேயில்ல, ஆனா ஆமான்னு பொய் சொல்லிட்டேன்.

– அடிப் பாவி!

– நீங்க எப்டின்னு தெரிஞ்சா, அதே மாதிரி பண்ணச் சொல்லலாம்னு...

– கேளு. நோயல் சொன்னதுல பொய்யில்ல. உள்ளடங்கி, நீட்டாத்தான் இருக்கும் எனக்கு.

– தெரியும்க்கா. தெரியும் எனக்கு.

– அழாத, முழுசாக் கேளு. பொறவியில அப்டி இல்ல. நீ சொன்னியே, ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டைன்னு, அப்டித்தான் இருந்துச்சு. கல்யாணமாகி ஒன்ற வருசத்துல நானும் போய் வெட்டிக்கினேன்.

– ஹௌதா? நெஜமாவா? நீங்களா?

– ரெண்டு வாரம் உக்கார முடியல, நின்னுக்கினே சாப்ட்டேன். ஒரு பக்கம் இன்னும் மரத்துக் கெடக்கு, தொட்டாத் தெரியாது. இன்னொரு பக்கம் ஜீன்ஸ் போட்டா சுள்ளுங்கும். அவருக்கு ஆறு மாசம் சந்தோசம். அப்பறம் மார்பு சரியில்லன்னாரு. பையத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்கு வந்துட்டேன்.

– அப்ப இத்தன நாளா நான் வயிறெரிஞ்சது...

– கத்தி பட்ட எடத்த நெனச்சு.

– உங்களுக்கு என்னக்கா வந்துச்சு? நீங்கதான் அத்தன பேரப் பாத்திருக்கீங்களே. அப்பறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?

– வர்றவளுக்கெல்லாம் "இதெல்லாம் சகஜம் போ"ன்னு சொல்ற வாயி, எனக்குச் சொல்லலியே. பொறாமைம்மா. எனக்கும் ஒருத்தி மேல இருந்துச்சு. "அவளுக்கு இப்டி இல்ல, பூ மாதிரி இருக்கும்"னு ஒரு பேரச் சொல்லிக்கினே இருப்பாரு. சர்ச்ல அவ பாட எழுந்து நின்னா, நான் பாட்டுப் புஸ்தகத்த மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சுக்குவேன். அவளப் பாத்தா அப்டி எரியும்.

– யாரு அவ?

– வேணாம், வுடு. முடிஞ்ச கத.

– சொல்லுங்கக்கா.

– நந்திதுர்க் சர்ச் கொயர்ல, முன் வரிசையில நிக்கறவ. என்னக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே அவகூட எல்லாம் நடந்துச்சுன்னு சொன்னாரு. உன் பேரத்தான் சொன்னாரு, லவினா.

– அக்கா... போன வருசம் பொண்ணு பாக்க வந்தாரே, அன்னிக்குத்தான் அவர் எங்கிட்ட மொத வார்த்தையே பேசினாரு.