படகு கிளம்பிருச்சு

காலையில் கணினியைத் திறந்ததும் நான் முதலில் தட்டுவது AT என்ற இரண்டு எழுத்துதான். மோடம் OK என்று பதில் சொல்லும். அதனால் வேறு வேலை எதுவும் ஆகாது. இருக்கிறாயா என்று நான் கேட்கிறேன், இருக்கிறேன் என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஏரிக்கரையில் மனிதர்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். "நல்லா எந்திரிச்சீங்களா?" என்று ஒருவர் கேட்க, "நாங்க நல்லா எந்திரிச்சோம், நீங்க எப்படியோ" என்று மற்றவர் சொல்ல வேண்டும். வீடு பற்றி எரிந்தாலும் இதைச் சொன்ன பிறகுதான் தண்ணீர் கேட்க வேண்டும். விசாரணைக்கு வந்த நீங்களும் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் கேட்டீர்கள், ஐயா. நான் பதில் சொல்லவில்லை. அது திமிர் இல்லை, எனக்கு எழுதித்தான் சொல்ல வரும்.

இரண்டாம் படிவ வகுப்பில் படித்தபோது பள்ளிக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவரை வரவேற்று நலம் விசாரிக்க டீச்சர் என்னை எழுப்பிவிட்டார். எனக்குக் குரல் வரவில்லை. வகுப்பு முழுவதும் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மறுநாள் நான் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. அம்மா என்னை இந்த மருத்துவ நிலையத்தில் பெருக்கித் துடைக்கச் சேர்த்துவிட்டாள்.

மோடத்தை நகரத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து வைத்தார். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். கரையோரக் கிராமங்களில் உள்ள தொண்டர்கள் யாருக்காவது உடம்பு மோசமானால் கைபேசியிலிருந்து அதற்குச் செய்தி அனுப்புவார்கள். கணினியில் மணி அடிக்கும். பார்ப்பவர் படகுக்காரரிடம் சொல்ல வேண்டும். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார். அதனால் நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். செய்தியைப் படிக்க ஒரு வரி, பதில் அனுப்ப ஒரு வரி, அழிக்க ஒரு வரி. சரியாகத் தட்டினால் OK. தப்பாகத் தட்டினால் ERROR. அது சிரிக்காது. இங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர் ஜெரேவுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. அந்த மேசை என்னுடையதாகிவிட்டது.

சுஸ்கோ என்பவர் முலோவே என்ற கிராமத்தின் தொண்டர். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். மழைக்காலத்தில் சாலை மூழ்கிவிடும். ஒன்று படகில் வர வேண்டும், இல்லையென்றால் நோயாளியைக் கட்டிலோடு மலைப்பாதையில் தூக்கி வர வேண்டும். முதலில் அவர் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதினார். ஒருநாள் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். "பேசாத தங்கச்சி சாப்பிட்டாச்சா?"

மணி கேட்டு சிஸ்டர் ஜெரே எட்டிப் பார்த்துவிட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார். "தவோங்கா, நீ சாப்பிட்டியானு கேக்குறான். வாயைத் தொற, உள்ள நசிமாக் களி இருக்கா பாத்துட்டு நான் பதில் போடுறேன்." எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை.

அன்று மாலை மோடத்துக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். செய்தி வந்தால் இனி அறிவிக்க வேண்டாம், நானே வந்து கேட்கும்போது காட்டினால் போதும் என்று. மணி நின்றது. அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் கட்டளை மின்சாரம் போனால் மறந்துவிடும். மறக்காமல் இருக்க AT&W என்று தட்டிப் பதித்துவைத்தேன். எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகும்.

மணி பழுதாகிவிட்டது என்று சிஸ்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது பழுது இல்லை.

அதன் பிறகு நான் சுஸ்கோவுக்குப் பதில் எழுதினேன். சாப்பிட்டேன் என்று. அவர் மாம்பழம் பழுத்ததை எழுதினார். காயப்போட்ட உசிபா மீனைக் கோழி தின்றதை எழுதினார். தப்பாக ஒரு சொல் கிடையாது, ஐயா. எல்லாரிடமும் பேசுகிற மனிதர், என்னிடமும் பேசினார். அவ்வளவுதான்.

அவர் மனைவி லுசுங்குவும் நல்லவள். மாதப் பரிசோதனைக்கு வந்தபோது என் மேசைக்கு வந்து சுட்ட மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாள். "நீதான் தவோங்காவா? எம் புருஷன் உங்கிட்ட கதை கதையா எழுதுறாரு. எங்கிட்ட மீனு காஞ்சிருச்சானு மட்டும்தான் கேக்குறாரு," என்று சொல்லிச் சிரித்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்க்கவும் விட்டாள். அவள்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மோடத்தின் உள்ளே இருக்கும் சிம்மில் கொஞ்சம் செய்திகள்தான் அடங்கும். நிறைந்துவிட்டால் புதியது வெளியே கைபேசிக் கோபுரத்திலேயே காத்திருக்கும். ஒன்றை அழித்தால்தான் ஒன்று உள்ளே வரும். மற்றவர்களுடையதைப் படித்ததும் அழித்துவிடுவேன். சுஸ்கோவுடையதை அழித்ததில்லை. அந்த நாள் வந்தபோது ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது.

அன்று மழை இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. AT தட்டினேன். OK என்றது. செய்தி உண்டா என்று கேட்டேன். ஒன்று இருந்தது.

"தவோங்கா, நல்லா எந்திரிச்சியா? நாங்க நல்லா எந்திரிக்கல. லுசுங்குவுக்கு வலி வந்துருச்சு. ரத்தம் நிக்காமப் போகுது. படகு அனுப்பு."

அவர் அதுவரை என் பெயரை எழுதியதில்லை. எப்போதும் பேசாத தங்கச்சிதான். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரத்தம் என்பதையும் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நலம் விசாரித்தவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. "நாங்க நல்லா எந்திரிச்சோம். படகு கிளம்பிருச்சு," என்று எழுதி அனுப்பினேன். மோடம் OK என்றது.

படகு என் ஜன்னலுக்குக் கீழே கட்டிக் கிடந்தது. படகுக்காரர் கொண்டோவே அதன் விளிம்பில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தினார். "ஏ புள்ள, எங்கயாச்சும் போகணுமா? எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கேன்."

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"தலையாட்டத்தான் தெரியும் உனக்கு. உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம். சம்மதமா இல்லியானு கெழவன் ஆகுற வரைக்கும் தெரியாது அவனுக்கு," என்றார்.

படகு போயிருந்தால் சுஸ்கோ எனக்கு எழுதுவது அதோடு நின்றிருக்கும். படகை எதிர்பார்க்கிறவர் எழுதிக்கொண்டிருப்பார். இன்னும் ஒரு செய்தி வரட்டும், அப்புறம் கொண்டோவேயிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்தது உள்ளே வர இடம் வேண்டும். மாம்பழம் பற்றியதை அழித்தேன். மனம் கேட்கவில்லை, ஆனாலும் அழித்தேன்.

"தவோங்கா, கரையிலதான் இருக்கோம். மலைப்பாதையில தூக்கிட்டுப் போகலாம்னு ஆளுங்க கட்டிலோட வந்தாங்க. படகு வருதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்."

கோழி தின்ற மீனை அழித்தேன்.

"தவோங்கா, படகு இன்னும் கண்ணுல படலியே. லுசுங்கு உன்னக் கேக்குறா. தங்கச்சிக்கு நன்றி சொல்லுங்கன்னு சொல்றா."

"பாதி தூரம் வந்திருக்கும்," என்று எழுதினேன்.

மோடத்தின் எண்ணுக்கு அவர் கூப்பிட்டும் பார்த்திருக்கிறார். மோடம் குரல் அழைப்பை எடுக்காது. கூரைமேல் இருக்கும் கம்பியால் மோடத்துக்கு மட்டும்தான் கோபுரம் எட்டும். எங்கள் கரையில் சிஸ்டரின் கைபேசி வேலை செய்யாது. ஆகவே அவரால் எனக்குத்தான் எழுத முடியும். வேறு யாருக்கும் எழுத முடியாது.

பழையதை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். புதியது வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் என் பெயரில்தான் தொடங்கியது. மதியத்துக்கு மேல் வந்தவற்றில், பொழுது நல்லபடியாகப் போகிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. வெறும் பெயர் மட்டும். அவர் கரையில் மண்டியிட்டு என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஐயா. எனக்கு அழுகை வந்தது. சிஸ்டர் வந்து தலைவலியா என்று கேட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் திரையைத் திருப்பிக் காட்டக் குரல் தேவையில்லை. எனக்கு அது தெரியும்.

கொண்டோவே மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு ஒன்று வந்தது.

"படகு வேண்டாம்."

சுஸ்கோவின் கைபேசியை நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அதில் நான் எழுதியதெல்லாம் இருக்கும். எல்லாம் நான் எழுதியதுதான். லுசுங்குவும் குழந்தையும் மணலில் ஏரியைப் பார்த்தபடி கிடந்தது என்னால்தான். கையெழுத்து போடுகிறேன்.

அன்று வந்தவற்றில் கடைசியாக வந்ததை மட்டும் நான் அழித்துவிட்டேன். அதில் பெயர் இல்லை. யாருக்கு எழுதியதோ.

மற்றவை உள்ளே இருக்கின்றன. மோடத்தை எடுத்துப் போகும்போது சிம்மைத் துடைத்துவிட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், ஐயா. அவை எனக்கு வந்தவை.