பழுது நோட்டு

டெய்லர்: மூச்சை இழுத்துப் பிடிக்காதே. அளவு பொய் சொல்லும்.

மெக்கானிக்: நான் எங்க இழுத்தேன்? இருக்கிற இடுப்பே இதான் மாஸ்டர். கட்டின பொண்டாட்டி இடுப்பு தெரியாதா?

டெய்லர்: தெரிஞ்சதாலதான் சொல்றேன். முப்பத்தி நாலு... ஆகா! போன வருஷம் இதே பேண்டை ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சேன். இன்னைக்குப் பிரிச்சு விடுறேன்.

மெக்கானிக்: குண்டாயிட்டேன்னு நேராவே சொல்லுங்களேன்.

டெய்லர்: ஒழுங்கா சாப்பாடு இறங்குதுன்னு சொல்றேன். இன்னைக்கு என்ன தேதி தெரியுமா?

மெக்கானிக்: ஏழு. கண்ணு முழிச்சதும் அதைத்தான் பாத்தேன்.

டெய்லர்: போன வருஷம் ஒரு ஏழாம் தேதி எங்க இருந்தே?

மெக்கானிக்: கட்டில்ல. சுவர் பக்கம் திரும்பி. நீங்க தண்ணி கொண்டுவந்து வச்சுட்டு வச்சுட்டுப் போனீங்க... நாலு டம்ளர் வரிசையா நின்னுச்சு.

டெய்லர்: அஞ்சு.

மெக்கானிக்: எண்ணினீங்களா?

டெய்லர்: அ... சும்மா ஒரு ஞாபகம். திரும்பு, பின்பக்கம் பாக்கணும்.

மெக்கானிக்: அந்த முதல் டாக்டர் என்ன சொன்னாரு? "மாதவிடாய் நிக்கிற வயசும்மா, மனசு அப்படித்தான் இருக்கும்"னாரு.

டெய்லர்: நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு வந்தேன்.

மெக்கானிக்: எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. முப்பது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாக்குறேன். ஒரேயடியா கெட்டுக் கிடக்குற லிஃப்ட் வேற, வந்து வந்து போற கோளாறு வேற. வந்து போற கோளாறை எங்கேன்னு தேடக் கூடாது...

டெய்லர்: எப்பன்னு தேடணும். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

மெக்கானிக்: அதான் லிஃப்டுக்கு வைக்கிற மாதிரியே எனக்கும் ஒரு பழுது நோட்டு போட்டேன். தேதி, நேரம், என்ன ஆச்சு. மூணு மாசம் ஆனதும் பாத்தா, ஒண்ணாம் தேதியிலருந்து பன்னெண்டு வரைக்கும் இருட்டு. அதுக்கப்புறம் மாசக் கடைசி வரைக்கும் ஓடுது.

டெய்லர்: அந்தப் பன்னெண்டு நாள்தானே, மாதவிடாய் நிக்கிற தொந்தரவுக்குன்னு குடுத்த அந்த ஹார்மோன் மாத்திரை...

மெக்கானிக்: புரொஜெஸ்டிரோன். தினம் தடவுற ஜெல் ஈஸ்ட்ரோஜன், அது பாட்டுக்கு நல்லா இருக்கு. மாத்திரைதான் எனக்கு ஒத்துக்கல. ரெண்டாவது டாக்டரம்மா நோட்டைப் புரட்டின அஞ்சாவது நிமிஷமே சொல்லிட்டாங்க.

டெய்லர்: மாத்திரையைத் தூக்கிப் போடுறேன்னு நீ குதிச்சே.

மெக்கானிக்: குதிச்சேன். "ஜெல் மட்டும் தனியா ஓடினா கருப்பையோட உள்சுவர் தடிச்சுப் போகும், அது ஆபத்து"ன்னாங்க. பிரேக்கைக் கழட்டிட்டு மோட்டாரை ஓட விடுற மாதிரி. அதான் காப்பர்-டி மாதிரி ஒரு சின்ன சாமானை உள்ளேயே வச்சாங்க. மருந்து துளித்துளியா அங்கேயே இறங்கும். உடம்பு பூரா அவ்வளவா பரவாது.

டெய்லர்: அதுவும் ஒத்துக்கலைன்னா?

மெக்கானிக்: நானும் கேட்டேன். "சிலருக்கு ஒத்துக்காது, அப்ப வேற வழி பாப்போம்"னாங்க. மனசுக்குன்னு பேசுற அம்மாகிட்டயும் அனுப்பி வச்சாங்க. முதல் ரெண்டு மாசம் கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு. இப்ப...

டெய்லர்: இப்ப ஏழாம் தேதியில பேண்ட் பத்தலை!

மெக்கானிக்: பாத்துக் குத்துங்க, அது என் தோலு.

டெய்லர்: இன்னைக்கே மேல ஏறித்தான் ஆகணுமா?

மெக்கானிக்: பதினாறு மாடி. ஏன், பயமா?

டெய்லர்: எனக்கென்ன பயம்... நூல்தான் ஊசியில ஏற மாட்டேங்குது.

மெக்கானிக்: மாஸ்டர்... ஒண்ணு சொல்லணும். போன வருஷம் நான் ஏன் மேல ஏற மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன்னு தெரியுமா?

டெய்லர்: முட்டி வலின்னே.

மெக்கானிக்: பொய். ஒரு நாலாம் தேதி, மேல நின்னு கீழ பாத்தேன். பயமே வரல. முப்பது வருஷத்துல முதல் தடவையா... போனாப் போகுதுன்னு இருந்துச்சு.

டெய்லர்: இரு, ஊசியைக் கீழ வச்சுக்கிறேன். சொல்லு.

மெக்கானிக்: பயம் வரலையேன்னுதான் பயந்துட்டேன். கரண்டை அணைச்சேன். பூட்டுப் போட்டேன். கதவுல 'பழுது'ன்னு பலகையை மாட்டினேன். சாவியைப் போர்மேன் கையில குடுத்து, "லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு, பழுது எனக்கு"ன்னேன்.

டெய்லர்: அடிப்பாவி... இதைத் தனியாவா சுமந்தே?

மெக்கானிக்: அழாதீங்க. எனக்கு அதுல பெருமைதான். மனசு அந்தக் கதியில இருந்தப்பவும் கை வேலையை மறக்கல. பதறி ஓடி வரல, முறையா பூட்டிட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு, நல்லா இருந்த அன்னைக்கு நோட்டு போட்டேன்.

டெய்லர்: எனக்கும் பெருமைதான்டி. கூரை மேல ஏறிக் கத்தணும் போல இருக்கு. இரு... மூக்கைச் சிந்திட்டு வர்றேன்.

மெக்கானிக்: அளவு நாடாவுல துடைக்காதீங்க! அப்புறம்... டாக்டரம்மா அந்த நோட்டைக் கேட்டாங்க. புதுசா படிக்க வர்ற டாக்டருங்களுக்குக் காட்டணுமாம்.

டெய்லர்: நோட்டா? அது எதுக்கு இப்ப? பழைய பேப்பரோட போயிருக்கும்.

மெக்கானிக்: என் பையில இருக்கு.

டெய்லர்: வேணாம்னு சொல்லிடு. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

மெக்கானிக்: என் கையெழுத்தையா சொல்றீங்க?

டெய்லர்: உன்... ஆமா, உன்னுதுதான். வேற யாருது? அதை விடு, சட்டையைப் போடு. பாக்கெட்டைப் பாரு. மூணு நாளா உனக்குத் தெரியாம ஒளிச்சு ஒளிச்சுத் தைச்சது.

மெக்கானிக்: மஞ்சள் நூல்ல... 'தலைமைப் பளுது நீக்குநர்'.

டெய்லர்: எப்படி? இன்னையிலருந்து எட்டுப் பேருக்கு நீதானே தலைமை! பாக்குறவன் எந்திரிச்சு நிக்க வேணாமா? ஏன் சிரிக்கிறே... எழுத்து கோணலா?

மெக்கானிக்: நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. பழுதுக்கு எந்த ழ மாஸ்டர்?

டெய்லர்: அளவுக்குப் போடுற அதே... ஐயையோ! நாள் பூரா அளவு, அளவுன்னு எழுதி எழுதி கை அங்கேயே போகுது. குடு, பிரிச்சுடறேன்.

மெக்கானிக்: தொட்டீங்கன்னா பாருங்க!

டெய்லர்: எட்டுப் பேரும் சிரிப்பாங்கடி!

மெக்கானிக்: சிரிக்கட்டும். அந்த மூணு மாசத்துல முப்பத்தாறு கெட்ட நாள். ஒரு நாள்கூட நான் பேனாவைத் தொடல. ஆனா முப்பத்தாறும் நோட்டுல இருந்துச்சு, என் எழுத்து மாதிரியே... 'காலை பத்து மணி. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. தண்ணி அஞ்சு டம்ளர், தொடல. பளுது.' முப்பத்தாறு இடத்துலயும் இதே ள! எங்க வீட்டு டெய்லர் எழுதினதுன்னு டாக்டரம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அவங்க இப்பக் கேக்குறது உங்க பக்கங்களைத்தான் மாஸ்டர்.